கையால் பூசிய நிறம்

பெர்த், ஆஸ்திரேலியா
மார்ச் 2

அன்புள்ள அம்மா,

நானும் ஃபின்டனும் சுகமாக இருக்கிறோம். வெயில்தான் ஆளை வறுக்கிறது. உன் முழங்கால் எப்படி? அந்த ஹீட்டரைச் சரிசெய்ய ஆள் வந்தானா?

எங்கள் நிச்சயத்துக்காக நாங்கள் இல்லாமலே நீங்கள் கேக் வெட்டிய படத்தைப் பக்கத்து வீட்டு பிரைடி அனுப்பியிருந்தாள். பார்த்ததும் சிரிப்பு தாங்கவில்லை. ஏனம்மா, என்ன கோலம் அது? மஞ்சள் கடுகு சாஸ் டப்பாவுக்குக் கோட்டு மாட்டிவிட்ட மாதிரி நிற்கிறாய். எந்த மலிவு பாட்டிலை வாங்கித் தடவிக்கொண்டாய்? நிறம் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்து வாழ்நாள் முழுக்க மூக்கைச் சுளித்தவள் நீ! இந்த ஊரில் வெயிலில் கிடந்தால் தோலில் புற்று வரும் என்று பயந்து, எல்லாரும் எங்கள் சலூனுக்கு வந்து வெயில் படாமலே உடம்புக்குப் பழுப்பு நிறம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அதுதான் என் பிழைப்பு. என்னைக் கேட்காமல் இந்தக் கூத்து எதற்கு?

செப்டம்பர் பத்தொன்பது கல்யாணம். அதற்குள் அந்த மஞ்சளைக் கழுவித் தொலை. போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "எழுது, எழுது" என்று வைத்துவிடுகிறாய். அதற்கும் காரணம் எழுது.

உன் மகள்,
ஓர்லா


பாலினா, மேயோ, அயர்லாந்து
மார்ச் 14

ஓர்லாக் கண்ணுக்கு,

கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லாம் நடக்கிறது. ஹீட்டர் ஆள் வந்தான், டீ குடித்தான், போனான். ஹீட்டர் அப்படியேதான் இருக்கிறது.

நீ சொன்னது சரிதான். பாட்டில்தான். கடைப்பெண் நல்லது என்றாள், நம்பிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வெளிறிப்போய் நிற்க வேண்டாமே என்று ஓர் ஆசை. இந்த வயதில் இது என்ன என்று கேட்காதே.

உன் பள்ளித் தோழி மஜெல்லாவின் கடையில் மூன்று விதமாகப் போடுகிறாளாம். கையால் தேய்ப்பது, துப்பாக்கி மாதிரி ஒன்றால் அடிப்பது, பெட்டிக்குள் நிற்க வைத்து மெஷினே அடிப்பது. எதில் நன்றாக மறையும்? கீழே ஏற்கெனவே ஒரு நிறம் இருந்தால் அதன் மேல் ஏறுமா? தோலைச் சொறிந்த கோடு இருந்தால் என்ன ஆகும்? குளிர்காலத்தில் இருந்தே உடம்பு அரிக்கிறது. புதுச் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

போனில் கத்திப் பேசத் தொண்டை இல்லை. சளி. கடிதம் என்றால் நிதானமாக எழுதலாம். போன வாரம் கால்வே நகருக்குப் போய் வந்தேன், கல்யாணத்தன்று நான் போட்டுக்கொள்ளத் தொப்பி பார்க்க. ஒன்றும் பிடிக்கவில்லை. நாளை மறுபடியும் போகிறேன்.

ஃபின்டனுக்கு என் அன்பு. நன்றாகச் சாப்பிடு.

அம்மா


பெர்த்
மார்ச் 25

அன்புள்ள அம்மா,

சளிக்குத் தேனும் சூடான விஸ்கியும் குடி. என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும், அதிலும் விஸ்கியைப் பற்றி.

கேட்டாயே, கேட்டுக்கொள். பெட்டி என்பது அவசரக்காரர்களுக்கு. உள்ளே போய்க் கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது சொல்கிறபடி திரும்பித் திரும்பி நிற்க வேண்டும். யாரும் உன்னைப் பார்க்க மாட்டார்கள், தொட மாட்டார்கள். ஆனால் மெஷினுக்குக் கண் கிடையாது. முழங்கையிலும் குதிகாலிலும் திட்டுத் திட்டாக அப்பிவிடும். ஸ்ப்ரே அதைவிட மேல். காகித ஜட்டியோடு கூடாரம் மாதிரி ஒன்றுக்குள் நிற்க வேண்டும், மஜெல்லா தள்ளி நின்று அடிப்பாள். அவள் பார்ப்பாள், தொட மாட்டாள்.

என்னைக் கேட்டால் கைதான். கையுறை மாட்டிக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேய்க்க வேண்டும். நேரம் பிடிக்கும். ஆனால் தோல் எங்கே வறண்டிருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே காயம் என்று கைக்குத் தெரிந்துவிடும். அதற்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். உன் சொறிந்த கோடுகளையும் கைதான் சமாளிக்கும். மற்ற இரண்டிலும் அவை கறுப்புக் கம்பி போட்ட மாதிரி தெரியும்.

எதைப் போட்டாலும் அன்று குளிக்கக் கூடாது. பழைய பிஸ்கட் வாசம் வரும், பயப்படாதே. ஒரு வாரத்தில் நிறம் உதிர்ந்துவிடும், அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாள் போட்டால் போதும். தொப்பி கிடைத்ததா? ஒரு தொப்பிக்கு இத்தனை முறை கால்வேயா? ராணிக்கே அவ்வளவு அலைச்சல் இருக்காது.

ஓர்லா


பாலினா
ஏப்ரல் 12, ஈஸ்டர்

ஓர்லாக் கண்ணுக்கு,

உயிர்த்தெழுந்தவர் உங்கள் இருவரையும் காப்பாராக. பதில் எழுதத் தாமதம். தோட்ட வேலை.

மஜெல்லா கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து பிரைடி தலையில் சுருளோடு உட்கார்ந்திருக்கிறாள், காது மட்டும் என் பக்கம்.

"என்ன ஆன்ட்டி, கையா, ஸ்ப்ரேயா, பெட்டியா?" என்றாள் மஜெல்லா.

"பெட்டி. உள்ள போறேன், கதவைச் சாத்து, முடிஞ்சது."

"பெட்டியில மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். முடியுமா?"

"பூசை முழுக்க முழங்கால் போட்டு நிக்கறவ நான். இதுல நிக்க முடியாதா?"

"இவளுக்கு ஏற்கெனவே நல்ல நிறம்தான்டீ, இன்னும் போட்டா கறுத்துடுவா!" என்று பிரைடி சிரிக்கிறாள். நானும் சிரித்தேன்.

மஜெல்லா முதலில் மணிக்கட்டில் ஒரு பொட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்றாள். கையைப் பிடித்தவள் உள்ளங்கையைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தாள், ஜோசியக்காரி மாதிரி. அப்புறம் நாற்காலியைப் போட்டு, டீ கொடுத்து, காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். நிறம் இன்னொரு நாள் போடலாம் என்றாள். இவள் இப்படி வியாபாரம் செய்தால் கடை விளங்கினாற்போலத்தான்.

கையால் வேண்டாம் ஓர்லா. யாரும் என்னைத் தொட வேண்டாம். பெட்டியே போதும், திட்டாக இருந்தால் இருக்கட்டும்.

இன்னொன்று. என்ன ஆனாலும் கல்யாணம் செப்டம்பரில்தான். அப்பா படுத்திருந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாய். டப்ளின் வேலை போயிற்று, அந்தப் பையனும் போனான். உன் வாழ்க்கையில் இரண்டு வருடம் இந்த வீட்டு மாடியறையில் போயிற்று. இனி யாருக்காகவும் நீ எதையும் நிறுத்தக் கூடாது. இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஈஸ்டர் என்பதால் இருக்கும்.

அம்மா


பெர்த்
ஏப்ரல் 21

மஜெல்லா,

நீயும் உன் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

நீ தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததாக அம்மா எழுதியிருந்தாள். அந்தக் கேக் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். உள்ளங்கையும் மஞ்சள், நகத்தடியும் மஞ்சள், முடி வேரோரமும் மஞ்சள். அவ்வளவு ஒரே சீராக உன்னாலும் போட முடியாது, என்னாலும் போட முடியாது. வெயிலே இல்லாத பிப்ரவரி மாதத்தில், வீட்டுக்குள்ளே, கண்ணை மறைத்துக் கறுப்புக் கண்ணாடி வேறு. அதை நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? கடுகு டப்பா என்று எழுதி அனுப்பினேன், மஜெல்லா. நாள் முழுக்கத் தோலைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான்.

என் அம்மாவுக்கு என்ன?

ஓர்லா


பாலினா
மே 2

ஓர்லா,

நாங்கள் சுகம். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் அம்மா என் காரில் வைத்து மாதா பெயரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள், உன்னிடம் சொல்லக் கூடாது என்று. அதனால் அது என்னவென்று சொல்ல மாட்டேன். என்ன இல்லை என்று சொல்கிறேன், அதற்குச் சத்தியம் இல்லை. அது பாட்டில் இல்லை. என் கடை நிறம் இல்லை. கால்வேயில் அவள் போய்ப் போய் வருவது தொப்பிக் கடைக்கு இல்லை.

"ஏன் ஆன்ட்டி சொல்லக் கூடாது?" என்று அழுதேவிட்டேன்.

"சொன்னா நாளைக்கே வந்து நிப்பாடீ. கல்யாணத்த நிறுத்திடுவா. அவ அப்பனுக்கு செஞ்சது போதும். அவ மேடையேறி நிக்கற வரைக்கும் எனக்கு ஒரு நிறம் போட்டுக் குடு, அதுக்கப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள்.

ஊரெல்லாம் அவள் நிறம் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றே நினைக்கிறது. இந்த ஊரில் யார்தான் போடவில்லை? பிரைடி எனக்குக் கற்றுக்கொடு என்கிறாள்.

செப்டம்பர் ரொம்பத் தூரம், ஓர்லா. அவ்வளவுதான் சொல்வேன்.

மஜெல்லா


பெர்த்
மே 11

அன்புள்ள அம்மா,

எப்படி இருக்கிறாய்? நாங்கள் நன்றாக இருக்கிறோம், ரொம்ப நன்றாக.

ஒரு சின்ன மாற்றம். கல்யாணத்தை ஜூன் இருபதுக்கு மாற்றிக்கொள்கிறோம். ஃபின்டனுக்கு செப்டம்பரில் லீவு இல்லையாம். பாதிரியாரிடம் போன் செய்து பேசிவிட்டேன். கல்யாணத்துக்கு முறைப்படி பேர் கொடுத்தது புத்தாண்டுக்கு முன்பே என்பதால் தடையில்லை, அந்தச் சனிக்கிழமை கோயில் காலி என்றார். ஓட்டலில் பெரிய கூடம் கிடைக்கவில்லை, சின்னது கிடைத்தது. எனக்குச் சின்னதே பிடிக்கும்.

கோபித்துக்கொள்ளாதே.

ஓர்லா


பாலினா
மே 20

ஓர்லா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? என்னைக் கேட்காமல் நாள் குறிக்க நீ யார்? வாத்தியக்காரர்கள் செப்டம்பருக்குத்தான் வருகிறேன் என்றார்கள். ஃபின்டனுக்கு லீவு இல்லையென்றால் வேறு வேலை பார்க்கச் சொல். எதற்காகவும் மாற்றக் கூடாது என்று எழுதினேனா இல்லையா? யாராவது உன் காதில் ஏதாவது ஓதினார்களா? ஓதியிருந்தால் அதெல்லாம் பொய். மஜெல்லாவுக்கு வாய் ஓட்டை. செப்டம்பர் என்றால் செப்டம்பர். நான் பாதிரியாரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

ஊர் வேறு விரல் விட்டு எண்ணும், ஏன் இந்த அவசரம் என்று. பிரைடிக்கு இரண்டு கை விரல் போதாது.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று தோன்றியது. அதனால் கேட்கிறேன், கோபமில்லாமல் கேட்கிறேன். ஊர் எண்ணப்போவதற்குக் காரணம் ஏதும் இருக்கிறதா கண்ணு? அப்படி இருந்தால் அது வேறு. அப்படி இருந்தால் ஜூன்தான் சரி.

அம்மா


பெர்த்
மே 29

அன்புள்ள அம்மா,

ஆமாம். நீ நினைப்பதுதான். போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லாதே.

ஜூன் பதினாறு அங்கே இருப்பேன். அதுவரை மஜெல்லாவின் பெட்டிக்குள் நீ கால் வைக்கக் கூடாது. உன் நிறத்தை நான் போடுகிறேன், கையால். வேண்டாம் என்று எழுதாதே, கடிதம் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

ஓர்லா


பாலினா
ஜூன் 4

என் தங்கத்துக்கு,

நீ கிளம்பும் முன் இது வந்து சேர வேண்டும் என்று அவசர தபாலில் போடுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

ராத்திரி உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். பாட்டியாகப்போகிறேன்! கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், எதற்கு என்று பிரைடி கேட்டாள், மழை வராமல் இருக்க என்றேன். குமட்டல் உண்டா? விமானத்தில் காலை நீட்டி உட்கார். எத்தனையாவது மாதம் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை.

சரி, ஜூன் இருபது. நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வைக்கிற மாதிரி பிராகு நகர்க் குழந்தை இயேசு சிலையை முந்தின ராத்திரி வேலிக்கடியில் வைத்துவிடுகிறேன், வெயில் நிச்சயம்.

நிறமும் உன் இஷ்டம்போலவே போடு. ஆனால் போடும்போது பேசிக்கொண்டே இரு. சும்மா இருந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வழி நோக்கியிருக்கும்,
அம்மா


பாலினா
ஜூலை 11

அம்மா,

இந்த முறை நலமா என்று கேட்காமல் உனக்கு எழுதுகிறேன். கீழே சமையலறையில் டீயும் சாண்ட்விச்சும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கூடத்தில் உன் பெட்டியைச் சுற்றி நாற்காலி போட்டு ஜெபமாலை சொல்கிறார்கள். மூடுவதற்கு முன் உன் கைக்கடியில் எதையாவது வைக்க வேண்டியவர்கள் வைக்கலாம் என்றார்கள். அதனால் மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சவ அலங்காரம் செய்கிறவர் முகத்துக்கு நிறம் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நான் போட்டது எப்போதோ உதிர்ந்துவிட்டது. இப்போது இருப்பது உன்னுடையதுதான். பிரைடி உன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "எல்லாம் தெரிஞ்சப்புறமும் சொல்றேன், கல்யாணத்தன்னிக்கு அவ மாதிரி நிறம் அந்தக் கூடத்துல யாருக்கும் இல்லடீ."

அது உண்மை. முந்தின நாள் உன் அறையில் பழைய விரிப்பைப் போட்டு, ஜன்னலைச் சாத்தி, நீ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாய். அங்கியை அவிழ்த்தபோது நான் கையுறையைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அவ்வளவு எலும்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"பேசுடீ," என்றாய்.

"பெர்த்துல ஒரு பொம்பளை அவ நாயையும் கூட்டிட்டு வந்து அதுக்கும் போட்டு விடச் சொன்னா."

"போட்டியா?"

"அது கடிக்க வந்துச்சு."

"நான் கடிக்க மாட்டேன். போடு."

கையுறையோடு ஆரம்பித்தேன். முதுகுக்கு வந்ததும் கழற்றி எறிந்துவிட்டேன், வெறும் கையால் தேய்த்தேன். சொறிந்த இடமெல்லாம் ரணம். விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் பட்டது. வயிற்றோரத்தில் கை போனபோது உனக்கு வலித்தது, நீ சொல்லவில்லை. உன் மூச்சு நின்றது, அதில் தெரிந்தது. நான் நாயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

"உள்ளங்கையைத் தொடச்சு விடு. அங்க நிறம் ஏறினா அசிங்கமா இருக்கும்," என்றாய்.

ஈரத்துணியால் துடைத்தேன். போகாத மஞ்சளை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"போதும்டீ, தோலு போயிடும்," என்றாய்.

மறுநாள் நீ கூடத்தில் நுழைந்ததும் எல்லாரும் திரும்பினார்கள். யார் போட்டது, யார் போட்டது என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எம் பொண்ணு. கையால," என்று சொன்னாய். அந்தக் குரல் போனில் கேட்ட குரல் இல்லை.

அப்புறம் வாழ்த்து சொல்லிக் குடிக்கிற நேரம் வந்தது. கர்ப்பிணி மாதிரி நான் ஆரஞ்சு ஜூஸைக் கையில் வைத்திருந்தேன். நீ எழுந்து, மேசையைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தாய். ஜூஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு உன் ஷாம்பெயின் கிளாஸை என் கையில் திணித்தாய்.

"குடி. ஒண்ணும் ஆகாது," என்றாய்.

உனக்கு நினைவு தப்பிவிட்டது, மருந்து அப்படிச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ பார்த்துக்கொண்டே இருந்ததால் முழுவதும் குடித்தேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாய்.

குழந்தை இல்லை, அம்மா. இருந்ததே இல்லை. நீ ஜூனுக்குச் சம்மதிக்க வேறு வழி தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதில்லை என்பது எழுதும்போதுதான் புரிகிறது. உனக்கு நினைவு தப்பவில்லை. சின்ன வயதில் நான் குடித்த ஒவ்வொரு மருந்தின் பேரையும் சொல்லக்கூடியவள் நீ. பேரக்குழந்தையை மறந்துபோய் மகளுக்கு மது கொடுப்பாயா? உன் நோய் எனக்குத் தெரியும் என்று நீ தெரிந்துகொண்டாய், நான் சொன்னது பொய் என்று தெரிந்துகொண்டாய், ஒரு வார்த்தை கேட்காமல் என் பொய்யிலிருந்து என்னை விடுவித்துவிட்டாய். உன் பொய்யிலிருந்து நான் உன்னை விடுவிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்தோம். தினமும் உன் முதுகுக்கு மருந்து தடவினேன். மழை பற்றிப் பேசினோம், ஹீட்டர் பற்றிப் பேசினோம். டாக்டர் வந்து போன பிறகும், ஊருக்கே தெரிந்த பிறகும், நாம் இருவர் மட்டும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா என்று ஒரு முறை நான் சொல்லியிருந்தால், எனக்கும்தான்டீ என்று நீ சொல்லியிருப்பாய். கட்டிப்பிடித்து அழுதிருப்போம். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

கூப்பிடுகிறார்கள். மூடப்போகிறார்களாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.

ஓர்லா